கிலோமீட்டரா, வேகமா?

மராத்தான் ஆசை பிடித்த பெங்களூரில் வேகமாக ஓடக் கற்றுத்தர ஆட்கள் நிறைய. மெதுவாக ஓடக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. பெங்களூர் கப்பன் பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளில் கார்கள் வருவதற்கு முன்பே கால்கள் வந்துவிடுகின்றன. மென்பொருள் பொறியாளர்கள், வங்கி அதிகாரிகள், டாக்டர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தாய்மார்கள். மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம், இடுப்பில் தண்ணீர் பாட்டில். 25 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் என்று ஓடி முடித்து, இட்லி வடையோடு கூட்டம் கலைகிறது. வாரத்தின் நடுவில் இதே முகங்களில் சிலவற்றை ஏதாவதொரு மைதானத்தின் டிராக்கில் பார்க்கலாம். அங்கே தூரம் பற்றிய பேச்சே இல்லை. 800 மீட்டர் வேக ஓட்டம், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கல், மறுபடியும் 800 மீட்டர்.

இந்த இரண்டு காலைகளுக்கும் நடுவில்தான் மராத்தான் பயிற்சியின் மிகப் பழைய வழக்கு நடக்கிறது. 42.195 கி.மீ. ஓட உடம்பைத் தயார் செய்வது எது? வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சேர்த்துக்கொண்டே போவதா? அல்லது குறைவாக ஓடினாலும் வேகமாக ஓடுவதா? இரண்டும் வேண்டும் என்பதில் இன்று பயிற்சியாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. எதை எவ்வளவு, எப்போது என்பதில்தான் தகராறு. கணக்குத் தப்பினால் அதற்கான விலை முழங்காலிலும் கணைக்கால் எலும்பிலும் வசூலிக்கப்படுகிறது.

ஓடும் நகரம்

இந்தியாவில் ஓட்டப் பித்து பெரிய அளவில் தொடங்கியது 2004ல், மும்பை மராத்தானோடு. பெங்களூர் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. 2008ல் உலக 10கே என்ற 10 கி.மீ. பந்தயம் வந்தது. 2014ல் நகரத்துக்கென்றே ஒரு மராத்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கால்வாய்க்கரை மண் பாதையில் காவேரி டிரெயில் மராத்தான். ஜெயநகர் ஜாகுவார்ஸ், பேஸ்மேக்கர்ஸ் என்று குழுக்கள் முளைத்தன. சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர் வைத்துக்கொள்ளும் அமெச்சூர் ஓட்டக்காரர் என்ற புது வர்க்கமே உருவானது.

ஊரும் ஒத்துழைக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். சென்னைவாசி பொறாமைப்படும் காலை நேரக் குளிர்ச்சி. கப்பன் பூங்கா, லால்பாக், பல்கலைக்கழக வளாகங்களின் மர நிழல். விளையாட்டு ஆணையத்தின் தென் மண்டல மையம் இருப்பதும் ஞானபாரதி வளாகப் பகுதியில்தான். அதே காற்றைத்தான் தேசிய அணி வீரர்களும் சுவாசிக்கிறார்கள்.

ஆனால் நட்சத்திரங்களின் அருகில் வாழ்வதில் ஓர் ஆபத்து உண்டு. அவர்கள் டிராக்கில் பறப்பது கண்ணில் படுகிறது. அதற்கு அடியில் பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் படிந்து கிடக்கும் மெதுவான கிலோமீட்டர்கள் கண்ணில் படுவதில்லை. நாற்பது வயதில் ஷூ வாங்கிய பொறியாளர், பார்த்ததை மட்டும் நகல் எடுக்கிறார்.

போதாக்குறைக்குக் கைபேசி. ஸ்டிராவா போன்ற செயலிகளில் யார் இந்த வாரம் எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் ஓடினார் என்று நண்பர்கள் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. மெதுவாக ஓடுவது பொதுவெளியில் நடக்கும் அவமானமாகிவிடுகிறது. சும்மா உடம்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டிய புதன்கிழமை ஓட்டம்கூட ஒரு குட்டிப் பந்தயமாக முடிகிறது.

எரிபொருள் கணக்கு

கிலோமீட்டர் கட்சியின் வாதம் எரிபொருளிலிருந்து தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவர் மராத்தானை முடிக்க 2,700 கலோரி வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும், சுமார் 2,000 கலோரிதான். மீதிக்குக் கொழுப்பு எரிய வேண்டும். கொழுப்பு எல்லோரிடமும் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், அதற்கு ஆக்சிஜனும் அதிகம் வேண்டும். மாவுச்சத்தை முதலிலேயே அவசரமாகச் செலவழித்தவர் 30 கி.மீ. தாண்டியதும் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுவது இதனால்தான்.

மெதுவான, நீண்ட ஓட்டங்கள் இந்தக் கணக்கை மாற்றுகின்றன. தசை இழைகளைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அதிகரிக்கின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதே வேகத்தில் ஓடும்போது கொழுப்பின் பங்கு ஏறி மாவுச்சத்து மிச்சமாகிறது. மராத்தானுக்குத் தேவையான சக்தியில் 95 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜனை வைத்துத் தயாராவது. எனவே அடித்தளம் கிலோமீட்டர்தான். குறுக்கு வழி இல்லை.

அப்படியானால் வேகப் பயிற்சி எதற்கு? அடித்தளத்தின் மேல் கூரையை உயர்த்த. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ரத்தத்தில் லாக்டேட் மளமளவென்று சேரத் தொடங்கும். அந்த எல்லைக்கு மேல் யாராலும் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த எல்லையை மேலே தள்ள உதவுவது ‘டெம்போ’ ஓட்டம். அதாவது, ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் 20 முதல் 40 நிமிடம் ஓடுவது. இன்னும் வேகமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடி, இடையில் மெதுவோட்டத்தில் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, மறுபடி ஓடுவது ‘இன்டர்வல்’. உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவை இது உயர்த்தும். வேகமாக ஓடப் பழகிய கால்கள் மெதுவாக ஓடும்போதும் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்பது கூடுதல் லாபம்.

சிக்கல் ஒன்றே ஒன்று. இரண்டு வகைப் பயிற்சியும் பணம் எடுப்பது ஒரே வங்கிக் கணக்கிலிருந்து. அந்தக் கணக்கின் பெயர் ஓய்வு. உடம்பு பலம் பெறுவது ஓடும்போது அல்ல, ஓடிய பிறகு தூங்கும்போது. அதிலும் இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் முன்னேறிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ‘இன்னும் ஓடு’ என்று சொல்லும் நாளில் எலும்பு இன்னும் தயாராகியிருக்காது.

செருப்புத் தொழிலாளியின் பாடம்

உலகம் இந்தப் பாடத்தை ஒரே நாளில் கற்கவில்லை. 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், வாழ்க்கையில் முதல் முறையாக ஓடிய மராத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக். அவருடைய ஆயுதம் இன்டர்வல். 400 மீட்டர் வேகம், 200 மீட்டர் மெதுவோட்டம் என்று ஒரே நாளில் பல பத்து முறை. உலகமே வேகத்தின் பின்னால் ஓடியது. பலர் கவனிக்கத் தவறியது, அத்தனை 400 மீட்டர்களையும் இடைப்பட்ட மெதுவோட்டத்தையும் கூட்டினால் வந்த தூரத்தை. இன்டர்வலின் நாயகன் உண்மையில் கிலோமீட்டர் ராட்சசனாகவும் இருந்தார்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் வந்தது நியூசிலாந்திலிருந்து. ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட். பல்கலைக்கழகப் பட்டமெல்லாம் கிடையாது. தன் உடம்பிலேயே சோதனை செய்து பார்த்து, வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. என்ற அளவுக்கு வந்து சேர்ந்தார். அக்கம்பக்கத்து இளைஞர்களை ஞாயிறுதோறும் மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தார். அவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்னெல், 800 மீட்டர் ஓட்டக்காரர்! 1960ல் ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல்லுக்கு 800 மீட்டரில் தங்கம். மர்ரே ஹால்பெர்குக்கு 5,000 மீட்டரில் தங்கம். மராத்தானில் பாரி மேகிக்கு வெண்கலம்.

லிடியார்டை வெறும் தூரத்தின் தூதராகப் பார்ப்பதும் பாதிப் புரிதல்தான். அவரது முறையில் முதலில் மாதக்கணக்கில் தூரம், பிறகு சில வாரம் மேட்டில் ஓட்டம், கடைசியில் டிராக்கில் வேகம். இரண்டும் உண்டு, ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக.

இரண்டையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வைத்திருக்க முயன்றால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் விடை. சில வாரங்களில் 250 கி.மீ., அதிலும் பெரும்பகுதி வேகமாக. 1967ல் ஃபுகுவோகாவில் 2 மணி 10 நிமிடத்துக்குள் மராத்தான் ஓடிய முதல் மனிதர் ஆனார். 1969ல் ஆன்ட்வெர்ப்பில் 2:08:34. அந்த நேரத்தை உலகம் 12 வருடம் தொட முடியவில்லை. ஆனால் அவரது கால்கள் பல முறை அறுவை சிகிச்சை மேஜைக்குப் போயின. ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை.

எட்டு மாத இடைவெளியில்

நம் நாட்டின் கதையும் இதே இரண்டு தண்டவாளங்களில்தான் ஓடுகிறது. பிஹாரின் பக்ஸார் பகுதியிலிருந்து வந்த ராணுவ வீரர் சிவ்நாத் சிங் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11வதாக வந்தார். 1978ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். 41 ஆண்டுகள் கழித்து, 2019ல் சியோலில் வயநாட்டுக்காரர் கோபி தோனக்கல் 2:13:39 ஓடியபோதும் அந்தச் சாதனை உடையவில்லை. ஷூவும் உணவும் விஞ்ஞானமும் தலைகீழாக மாறிய பிறகும்.

கோபியின் பாதை கவனிக்கத்தக்கது. அவர் அடிப்படையில் 10,000 மீட்டர் ஓட்டக்காரர். 2016 மும்பை மராத்தானுக்கு அவர் வந்தது, நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் நிர்ணயித்துக் கொடுக்கும் துணை ஓட்டக்காரராக. பாதியில் விலகாமல் கடைசிவரை ஓடினார். 2:16:15ல் இரண்டாவதாக வந்து ரியோ ஒலிம்பிக்குக்கே தகுதி பெற்றுவிட்டார். ரியோவில் 25வது இடம், 2:15:25. மறு வருடம் சீனாவின் டொங்குவானில் ஆசிய மராத்தான் சாம்பியன். டிராக்கில் சம்பாதித்த வேகத்தின் மேல் தூரத்தைச் சேர்த்ததன் பலன்.

அதே பாதையில் இன்னும் வேகமாகப் போனவர் கேரளத்தின் ஓ.பி. ஜெய்ஷா. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 1,500 மீட்டரில் வெண்கலம் வென்றவர். நான்கு நிமிடச் சொச்சத்தில் முடியும் பந்தயம் அது. சில மாதங்களில், 2015 ஜனவரியில், மும்பையில் முதல் மராத்தான்: 2:37:29. தேசிய சாதனை. எட்டு மாத இடைவெளியில் பீஜிங் உலகப் போட்டியில் 2:34:43, 18வது இடம். தன் சாதனையைத் தானே உடைத்தார். அடுத்த இடத்தில் வந்தவரும் இந்தியர்தான்: 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் வீராங்கனை சுதா சிங்.

பிறகு ரியோ. 2016 ஆகஸ்ட் 14, சுட்டெரிக்கும் வெயில். ஜெய்ஷா 2:47:19ல், 89வதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். வழியில் இந்தியத் தரப்பிலிருந்து தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை என்று அவரும், அப்படியில்லை என்று தடகள சம்மேளனமும் சொல்ல, நாடே அந்தச் சர்ச்சையைப் பேசியது. அந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போன ஒரு விஷயம் உண்டு. தனக்குப் பிடித்தது 1,500 மீட்டர்தான், மராத்தான் அல்ல என்று அவர் பேட்டிகளில் சொன்னார். எந்தத் தூரம் எந்த உடம்புக்கு, அந்த முடிவில் ஓடுபவரின் விருப்பத்துக்கு எத்தனை இடம் என்ற கேள்வி அது. தண்ணீர் பாட்டிலைவிடப் பெரிய கேள்வி.

எதிர்த்திசையில் போனவர் மகாராஷ்டிரத்தின் லலிதா பாபர். மும்பை மராத்தானில் இந்தியப் பெண்கள் பிரிவில் தொடர்ந்து வென்றவர். அந்த நீண்ட தூரத்து அடித்தளத்தோடு ஸ்டீபிள்சேஸுக்கு மாறினார். அதே ரியோவில் 9:19.76 என்ற தேசிய சாதனையோடு இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்று, பத்தாவது இடம் பிடித்தார். 1984ல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் டிராக்கில் தனிநபர் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்குப் போன முதல் இந்தியப் பெண்.

ஜெய்ஷா, சுதா, லலிதா மூவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே: பெலாரஸிலிருந்து வந்த நிகொலாய் ஸ்னெஸரேவ். கண்டிப்புக்குப் பேர் போனவர். 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் இறந்தார். அவரது மாணவிகளின் கதை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. தூரத்திலிருந்து வேகத்துக்கும், வேகத்திலிருந்து தூரத்துக்கும் பாலம் உண்டு. ஆனால் அந்தப் பாலத்தில் நடந்தவர்கள் எல்லோரும் பதின்வயதிலிருந்து ஓடியவர்கள். முகாமில் தூக்கமும் சாப்பாடும் மசாஜும் கிடைத்தவர்கள். அவர்களுக்கு அலுவலகம் கிடையாது.

நடுவேகத்தின் வலை

பெங்களூரின் ஞாயிறு ஓட்டக்காரருக்கு உண்டு. ஹெப்பாலிலோ சில்க் போர்டு சந்திப்பிலோ ஒரு மணி நேரம் நெரிசலில் உட்கார்ந்து, வெளிநாட்டு வாடிக்கையாளருடன் இரவு பதினோரு மணிவரை பேசி, ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுபவர் அவர். ஓய்வுக் கணக்கில் அவருக்கு இருப்பு ஏற்கெனவே குறைவு.

அவர் செய்யும் முதல் தவறு வேகப் பயிற்சியில் நடப்பதில்லை. மெதுவான நாட்களில் நடக்கிறது. நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடலியல் அறிஞர் ஸ்டீஃபன் சைலர், உச்ச நிலை வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தார். படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் என எல்லோரிடமும் ஒரே பாங்கு. ஏறத்தாழ 80 சதவீதப் பயிற்சி எளிதானது. மீதி 20 சதவீதம்தான் கடினமானது. எலியுட் கிப்சோகே 2022ல் பெர்லினில் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி என்ற வேகத்தில் மராத்தானை முடித்தவர். அவரே எளிதான நாட்களில் கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர். பந்தய வேகத்தைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் மெதுவு!

அமெச்சூர் ஓட்டக்காரர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். 4 மணி நேரத்தில் மராத்தானை முடிக்க ஆசைப்படுபவரின் பந்தய வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. அவருடைய எளிதான ஓட்டம் ஆறரை முதல் ஏழு நிமிடம் இருக்க வேண்டும். கூட வருபவர் முந்திவிடுவாரே என்ற கவலையில் அவர் தினமும் 5:50ல் ஓடுகிறார். அது ஓய்வு தரும் அளவுக்கு மெதுவும் இல்லை, உடலை உயர்த்தும் அளவுக்கு வேகமும் இல்லை. களைத்த கால்களோடு டிராக்குக்குப் போகிறார். அங்கே ஓட வேண்டிய வேகம் வரவில்லை. ‘வேகம் போதவில்லை’ என்று முடிவு கட்டி, அடுத்த வாரம் இன்னொரு வேக நாளைச் சேர்க்கிறார்.

விளைவு தெரிந்ததே. முதலில் கணைக்கால் முன்பக்கத்தில் வலி. பிறகு முழங்காலின் வெளிப்புறம் அல்லது குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாண். எல்லாவற்றையும் மாத்திரையால் அமுக்கினால் கடைசியில் எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு முதல் எட்டு வாரம் வரை ஓட்டத்துக்கு விடுமுறை. எலும்பில் விரல் வைத்து அழுத்தும்போது ஒரே புள்ளியில் வலித்தால், நடக்கும்போதும் வலி தொடர்ந்தால், அது ‘ஓடி ஓடிச் சரியாகும்’ ரகமல்ல. டாக்டரிடம் போக வேண்டிய ரகம்.

‘வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே’ என்ற பழைய விதி காப்பாற்றாதா? நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புது ஓட்டக்காரர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு இந்த விதிப்படி நிதானமாக முன்னேறியது. மற்றது வழக்கமான வேகத்தில். 2008ல் வெளியான முடிவு: இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். கணக்குப் புத்தக விதியைவிட, அந்தந்த உடம்பு சொல்வதைக் கேட்பதே மேல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் கூட்டாதே

சமநிலைக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதே. வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தூரத்தை அப்படியே வை. 16 வாரத் தயாரிப்பு என்றால் முதல் எட்டு வாரம் தூரத்துக்கு. 30 கி.மீ.யில் தொடங்கி 50 கி.மீ. வரை. மூன்று வாரம் ஏறி, நான்காவது வாரம் ஒரு படி இறங்குவது நல்லது. இந்தக் கட்டத்தில் வேகம் என்பது, எளிதான ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி சுறுசுறுப்பான ஓட்டம், ஐந்தாறு முறை. அவ்வளவுதான். அடுத்த ஆறு வாரம் தூரம் 50லேயே நிற்க, டெம்போவும் இன்டர்வலும் உள்ளே வருகின்றன.

எவ்வளவு என்பதற்கு அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் (விஸ்கிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை) ஒரு வரம்பு வகுத்திருக்கிறார். ஒரு நாளின் இன்டர்வல் ஓட்டம் வாரத் தூரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. டெம்போ 10 சதவீதத்துக்குள். வாரம் 50 கி.மீ. ஓடுபவருக்கு இன்டர்வல் 4 கி.மீ., அதாவது ஐந்து முறை 800 மீட்டர். டெம்போ 5 கி.மீ. வாரம் 25 கி.மீ. மட்டும் ஓடுபவர் பத்து முறை 800 மீட்டர் ஓடினால் அவர் கூரையைத் தாங்கச் சுவரில்லாமல் வீடு கட்டுகிறார்.

எளிதான ஓட்டம் எளிதாகத்தான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கூட ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா? இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பேச்சுத் துணை இல்லாதவர்கள் பாட்டு முணுமுணுத்துப் பார்க்கலாம்.

பெங்களூருக்கென்று சில கூடுதல் விதிகள். 920 மீட்டர் உயரம் என்பது ‘உயர்மலைப் பயிற்சி’ அல்ல. அதற்கு 1,800 மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் நம் நெடுந்தூர வீரர்கள் 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டிக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் இன்டர்வலில் உண்மையான வேகம் எட்டாது. பெங்களூரில் எட்டும். ஊரின் மேடு பள்ளங்கள் வேறு இலவசப் பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் மேட்டுச் சாலையில் ஓடுவது, டிராக் கிடைக்காதவர்களுக்கு வேகப் பயிற்சியின் மாற்று. மேட்டில் வேகம் குறைவதால் பாதத்தில் விழும் அடியும் குறைவு. இறங்கும்போது மட்டும் நிதானம் தேவை.

இந்தச் சொகுசு பந்தய நாளில் பழிவாங்கும். 18 டிகிரியில் பயிற்சி எடுத்துவிட்டு மும்பையின் அல்லது சென்னையின் புழுக்கத்தில் ஓடுபவர், அதே வேகத்துக்கு அதிக இதயத் துடிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். பெங்களூரில் எட்டிய டெம்போ வேகத்தைக் கடற்கரை நகரத்தில் எதிர்பார்க்காமல், முதல் பாதியை நிதானமாக ஓடுவதே புத்திசாலித்தனம். மும்பையில் பெட்டர் ரோடு மேடு திரும்பி வரும் வழியில், கால்கள் காலியான நேரத்தில்தான் எதிர்ப்படும்.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்கள் வேகப் பயிற்சிக்கு முன் டாக்டரைப் பார்ப்பது அவசியம். பெண்களும் சைவ உணவுக்காரர்களும் ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. காரணமில்லாமல் வேகம் குறைந்தால் குற்றவாளி சோம்பேறித்தனமாக இல்லாமல் ரத்த சோகையாக இருக்கலாம்.

மிஞ்சியிருப்பது கடைசி இரண்டு வாரம். பதற்றத்தில் பலர் இப்போதுதான் ‘விட்டதைப் பிடிக்க’ இறங்குவார்கள். இதுபற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் வெளியான முடிவு வேறு சொல்கிறது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை வெட்டு. வேகத்தை மட்டும் சிறு அளவில் தொட்டுக்கொண்டிரு. மாதக்கணக்கில் கிலோமீட்டரைச் சேர்த்தவருக்கு ஓடாமல் இருப்பது பெரும் தண்டனையாகத் தோன்றும். அந்த இரண்டு வாரத்தில் எந்த ஓட்டமும் புதிய பலத்தைத் தராது. பழைய களைப்பை மட்டுமே நீட்டிக்கும். ஓய்வுக் கணக்கில் சேர்ந்த முதலையும் வட்டியையும் மொத்தமாக எடுக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான். அன்று காலை தொடக்கக் கோட்டில் நிற்கும்போது கால்கள் கொஞ்சம் துறுதுறுவென்று இருந்தால், கணக்குச் சரி.

ஒரு வாரக் கணக்கு

4 மணி நேர மராத்தானுக்குத் தயாராகும், ஏற்கெனவே ஓராண்டாவது ஓடிப் பழகியவருக்கு, பயிற்சியின் நடுக்கட்டத்தில் ஒரு மாதிரி வாரம்:

திங்கள்: ஓய்வு. ஞாயிறு ஓட்டத்தின் மிச்சம் தீரட்டும்.

செவ்வாய்: 9 கி.மீ. இதற்குள் ஐந்து முறை 800 மீட்டர், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம் 50 விநாடி வேகத்தில். இடையிடையே மூன்று நிமிட மெதுவோட்டம். முன்னும் பின்னும் உடலைச் சூடேற்றவும் தணிக்கவும் மெதுவான ஓட்டம்.

புதன்: 6 கி.மீ. மிக எளிதாக.

வியாழன்: 8 கி.மீ. நடுவில் 5 கி.மீ. டெம்போ, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 நிமிடம் 15 முதல் 20 விநாடி.

வெள்ளி: ஓய்வு. அல்லது அரை மணி நேரம் இடுப்பு, தொடை, கெண்டைக்கால் தசைகளுக்கான பலப் பயிற்சி.

சனி: 7 கி.மீ. எளிதாக.

ஞாயிறு: 20 கி.மீ. கிலோமீட்டருக்கு ஆறரை முதல் ஏழு நிமிடம். பேசிக்கொண்டே.

மொத்தம் 50 கி.மீ. இதில் வேகமானது 9 கி.மீ., 18 சதவீதம். செவ்வாயும் வியாழனும் ஒரே வாரத்தில் தாங்கவில்லை என்றால் ஒன்றை விட்டுவிடலாம். ஞாயிற்றை விடக் கூடாது.